முதல் செகண்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? மெக்கானிக்கைப் பிடித்துவிட்டு வண்டியைத் தேடுங்கள்

பழைய கார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வண்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஃபோனில் ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் படம், அதற்குக் கீழே "சிங்கிள் ஓனர், 40,000 கிலோமீட்டர், இன்சூரன்ஸ் கரெண்ட்" என்று ஒரு வரி. மனது அதில் விழுந்த பிறகுதான் "நல்ல மெக்கானிக் யாராவது தெரியுமா?" என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அதற்குள் அட்வான்ஸ் கைமாறியிருக்கும். கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடையில்) ஏமாந்தேன், ஒர்க்‌ஷாப்பில் பில்லைத் தீட்டிவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினால், கோளாறு பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் முதல் முறையாகப் பழைய கார் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் வரிசை இதுதான்: முதலில் ஆள், அப்புறம் காகிதம், அப்புறம்தான் வண்டி.

மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது

டிராவல்ஸ் வைத்திருப்பவர்களையும் கால் டாக்சி ஓட்டுகிறவர்களையும் கேளுங்கள். வண்டி ஒரு நாள் ஷெட்டில் நின்றால் அன்றைய வருமானம் போச்சு என்று வாழ்கிறவர்கள் அவர்கள். சரியாக வேலை செய்யாத இடத்துக்கு இரண்டாவது முறை போக மாட்டார்கள். அவர்கள் சொல்லும் இரண்டு மூன்று இடங்களுக்கு நேரில் போய்ப் பாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் கம்பெனி வண்டிகள் அங்கே நிற்கின்றனவா? தூசி படிந்து மாதக்கணக்கில் கிடக்கிற வண்டிகள் அதிகமா, வந்து போகிற வண்டிகள் அதிகமா? ஜாக்கியை மட்டும் நம்பி ஆள் வண்டிக்கு அடியில் படுக்கிறாரா, ஸ்டாண்டு வைத்துவிட்டுப் படுக்கிறாரா? தன் உயிரில் கவனம் இல்லாதவர் உங்கள் பிரேக்கில் கவனமாக இருப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

நம் ஊரில் இந்தத் தொழில் பல கைகளாகப் பிரிந்திருக்கிறது. இன்ஜின் வேலைக்கு ஒருவர், எலக்ட்ரிக்கலுக்கு ஒருவர், நசுங்கிய பாடியை நிமிர்த்தும் டிங்கரிங்குக்கு ஒருவர், பெயின்ட்டுக்கு ஒருவர், ஏ.சி.க்கு ஒருவர். "இது என் வேலை இல்லைங்க, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்க" என்று சொல்கிற மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். எல்லாம் எனக்குத் தெரியும் என்கிறவரிடம்தான் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்துக் கோளாறு தேடுகிற பழக்கம் இருக்கும். அந்தத் தேடலின் செலவு முழுக்க உங்கள் தலையில் விழும்.

வீட்டிலோ நண்பரிடமோ ஏற்கெனவே ஒரு வண்டி இருந்தால் அதற்கு ஆயில் சர்வீஸ் கொடுத்துப் பாருங்கள். சொன்ன நேரத்துக்குத் தருகிறாரா, எழுதிய பில் தருகிறாரா, கழற்றிய ஃபில்டரைக் காட்டுகிறாரா என்று அந்தச் சின்ன வேலையிலேயே தெரிந்துவிடும். பிடித்திருந்தால், "நான் பழைய கார் தேடுகிறேன், நீங்கள் வந்து பார்க்க வேண்டும், அதற்கு இவ்வளவு தருகிறேன்" என்று முன்கூட்டியே கூலி பேசிவிடுங்கள். உதவியாகக் கேட்காதீர்கள். வண்டியை முடித்துக் கொடுக்கும் மெக்கானிக்குக் கன்சல்டிங்கில் கமிஷன் கொடுக்கும் வழக்கம் உண்டு. "இது வேண்டாம் சார்" என்று சொன்னாலும் அவருக்குக் கூலி உண்டு என்ற நிலையை நீங்கள்தான் ஏற்படுத்த வேண்டும். வியாபாரி கைகாட்டுகிற மெக்கானிக்கை எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே வாங்குவது

தெரிந்தவரிடம் நேரடியாக வாங்குவதுதான் என் முதல் விருப்பம். வண்டி எங்கே ஓடியது, யார் ஓட்டினார், எந்த ஒர்க்‌ஷாப்பில் நின்றது எல்லாம் தெரியும். சொந்தக்காரர் வண்டியைச் சோதிப்பது சங்கடம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சோதிக்காமல் வாங்கிவிட்டு ஆறு மாதம் கழித்து முகம் கொடுக்காமல் போவது அதைவிடப் பெரிய சங்கடம்.

மாருதியின் ட்ரூ வேல்யூ போன்ற கம்பெனிகளின் சொந்தப் பிரிவுகளும், ஸ்பின்னி, கார்ஸ்24 போன்ற நிறுவனங்களும் விலை கூடுதலாக வைப்பார்கள். அதற்குப் பதிலாக வாரன்ட்டியும், சில இடங்களில் சில நாட்களுக்குள் திருப்பித் தரும் வசதியும் கிடைக்கும். "200 பாயின்ட் செக்கிங்" போன்ற வார்த்தைகளை விட்டுவிடுங்கள். வாரன்ட்டி தாளில் எது சேராது என்று எழுதியிருக்கும் பகுதியை முழுதாகப் படியுங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் மட்டும் சேரும், சஸ்பென்ஷன், ஏ.சி., க்ளட்ச் சேராது என்று இருந்தால், பழைய வண்டியில் வழக்கமாகச் செலவு வைக்கிறவை எல்லாமே வெளியே இருக்கின்றன என்று பொருள்.

உள்ளூர் கன்சல்டிங் மூன்றாவது வழி. விலை பேசலாம், வண்டிகளும் நிறைய இருக்கும். நேர்மையாகப் பத்து இருபது வருஷம் ஒரே இடத்தில் கடை வைத்திருப்பவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களிடம் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று இருக்கிறதா? பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. படிவம் 29பி-யில் அந்தச் சான்று இருக்கும். வண்டி அவர் கைக்கு வந்தது படிவம் 29சி மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலிலேயே பாதி ஆள் தெரிந்துவிடுவார்.

எங்கே வாங்கினாலும், கையில் இருக்கும் மொத்தப் பணத்துக்கும் வண்டி பார்க்காதீர்கள். 4 லட்சம் இருந்தால் மூன்றரைக்குள் வண்டி. மிச்சம் முதல் சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ், பெயர் மாற்றத்துக்கு.

நேரில் போகுமுன் காகிதம்

வண்டி நம்பரை வாங்கிக்கொண்டு பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ போட்டுப் பாருங்கள். பதிவான தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் எதுவரை, புகைச் சான்று எதுவரை, கடன் யார் பெயரில் என்பதெல்லாம் வரும். இ-சலான் பக்கத்தில் அதே நம்பரைப் போட்டால் கட்டாத அபராதங்கள் தெரியும். அவற்றை முடிக்காமல் பெயர் மாற்றம் நகராது. திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவை இருக்கிறது. இதெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடி செய்கிற வேலை. இதைச் செய்யாமல் வெயிலில் யார்டு யார்டாக அலைவதில் அர்த்தம் இல்லை.

அடுத்து ஆர்.சி.யின் (பதிவுச் சான்றின்) படம் அனுப்பச் சொல்லுங்கள். அதில் எத்தனையாவது உரிமையாளர் என்று இருக்கும். "சிங்கிள் ஓனர்" என்ற பேச்சை அங்கேயே சரிபார்த்துவிடலாம். பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான வங்கி என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), உரிமையாளரும் வங்கியும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். "லோன் எப்பவோ முடிஞ்சிடுச்சு, ஹெச்.பி. மட்டும் எடுக்கல" என்று, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை மட்டும் நீக்கவில்லை என்று சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். எடுத்துவிட்டு வரட்டும், அதுவரை அட்வான்ஸ் வேண்டாம். உரிமையாளர் இறந்துபோயிருந்தால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31 வழியாக மாற வேண்டும். மகன் கையெழுத்துப் போட்டுத் தருகிறார் என்று வாங்கிவிட்டு, பிறகு அக்கா தங்கைகளின் சம்மதத்துக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் அதில் காலாவதி தேதியை மட்டும் பார்க்கிறார்கள். நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) எவ்வளவு என்று பாருங்கள். க்ளெய்ம் இல்லாமல் ஒவ்வொரு வருஷம் போகப் போக அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஆறு வருஷ வண்டி, ஒரே உரிமையாளர், ஆனால் போனஸ் பூஜ்யம் என்றால் கடைசி வருஷம் க்ளெய்ம் எடுத்திருக்கலாம், அல்லது பாலிசி 90 நாட்களுக்கு மேல் விட்டுப்போயிருக்கலாம். இரண்டில் எது, எதற்காக என்று கேளுங்கள்.

கிலோமீட்டரைக் கண்ணால் நம்பாதீர்கள். டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது கஷ்டமான வேலை இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் நின்ற வண்டி என்றால் ஒவ்வொரு வருகையின் தேதியும் கிலோமீட்டரும் அவர்களிடம் பதிவாகி இருக்கும். உரிமையாளரை வைத்து அந்த ஹிஸ்டரியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். 2019-ல் 62,000 என்று பதிவான வண்டி இன்று 48,000 காட்டினால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

மூன்று வகை வண்டிகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஒன்று, டி-போர்டில் ஓடி ஓன் போர்டாக மாற்றிய வண்டி. மாற்றியது சட்டப்படி தவறு இல்லை, ஆனால் வாடகைக்கு ஓடிய ஓட்டத்தை விலையில் கழிக்க வேண்டும். இரண்டு, பி.ஒய். நம்பர். புதுச்சேரி பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் படிவம் 28-ல் என்.ஓ.சி. வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். "இங்க எல்லாரும் அப்படியேதான் ஓட்டுறாங்க" என்பது பதில் ஆகாது. மூன்று, டெல்லி வண்டி. தலைநகர்ப் பகுதியில் 10 வருஷம் தாண்டிய டீசலுக்கும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோலுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்தது. அதன் பிறகு அங்கிருந்து பெரிய டீசல் வண்டிகள் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. விலையைப் பார்த்து மயங்குவதற்குள் என்.ஓ.சி.யையும் நம் ஊர் வரியையும் கூட்டிப் பாருங்கள்.

வண்டி முன்னால் நிற்கும்போது

காலையில், வெளிச்சத்தில், வண்டி ஈரமாக இல்லாதபோது போங்கள். முந்தின நாளே "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த இன்ஜினின் குணத்தை யாரோ உங்களிடமிருந்து மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

பாடியிலிருந்து தொடங்குங்கள். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா? பானெட் கீல், ஃபெண்டர் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவு ரப்பர் பீடிங்கை விரலால் விலக்கிப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் என்றால் சீரான வட்டப் புள்ளிகளாக இருக்கும். டிங்கரிங் செய்திருந்தால் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) தடவி வழவழப்பாக இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித்தகட்டைப் பாருங்கள், பின்னால் வாங்கிய அடி அங்கே சுருக்கமாகத் தெரியும். பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் மெக்கானிக்கிடம் இருந்தால் நல்லது. கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட், பல நூறு காட்டினால் அடியில் பட்டி. ஒரு கதவோ பம்பரோ மறுபெயின்ட் என்பது நம் ஊர் ட்ராஃபிக்கில் சாதாரணம், விலையில் பேசிக்கொள்ளலாம். கூரையைத் தாங்கும் பில்லரிலோ, இன்ஜின் அறையின் பக்கவாட்டுத் தகடான முன் ஏப்ரனிலோ, சேசிஸிலோ வேலை நடந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது விபத்தில் உங்கள் குடும்பத்தைக் காக்க வேண்டிய பகுதி.

வெள்ளத்தில் நின்ற வண்டி நம் மாநிலத்துக்கே உரிய ஆபத்து. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளம். அப்படிப்பட்ட வண்டிகளைக் கழுவி, சீட் துணி மாற்றி விற்றால் முதல் பார்வைக்கு எதுவும் தெரியாது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். கடைசிப் பகுதியை யாரும் துடைப்பதில்லை, சேற்றுக் கோடு அங்கே இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்கு அடியில் மண், ஃப்யூஸ் பாக்ஸில் பச்சை படிந்த முனைகள், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, எல்லாவற்றுக்கும் மேல் தூக்கலான சென்ட் வாசனை. இரண்டு அடையாளங்கள் சேர்ந்தால் விட்டுவிடுங்கள். வெள்ள வண்டியின் வயரிங் ஒரு வருஷம் கழித்துத்தான் தொல்லை கொடுக்கத் தொடங்கும், அதற்கு முடிவும் இருக்காது.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரத்தில் தயாரித்தது. 2021-ல் வாங்கிய வண்டி, ஓடியது 22,000 என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் 2024 என்றால் கணக்கு இடிக்கிறது. பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து, ஸ்டியரிங் வழவழத்து, டிரைவர் சீட் ஓரம் அமுங்கியிருப்பதும் இதே கதையைச் சொல்லும்.

இப்போது சாவி. ஆன் செய்ததும் இன்ஜின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆன பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கை யாரோ துண்டித்திருக்கலாம். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது உங்கள் மெக்கானிக் பின்னால் நிற்கட்டும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் கூடுதலாகப் போகிறது. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் அடியில் காபி நிறத்தில் குழம்பு போல ஒட்டியிருந்தாலும் இதே சந்தேகம்தான்.

ஓட்டிப் பார்ப்பது தெருமுனை வரை இல்லை. அரை மணி நேரம் வேண்டும். மேடு பள்ளமான சாலை, ஒரு மேம்பாலம், கொஞ்சம் நெரிசல், கொஞ்சம் காலிச் சாலை எல்லாம் வரட்டும். பாட்டை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி சஸ்பென்ஷன் சத்தம் கேளுங்கள். பாலத்தில் மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் க்ளட்ச் முடிந்துவிட்டது. காலிச் சாலையில் பின்னால் யாரும் இல்லாதபோது பிரேக் போட்டு, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். நெரிசலில் ஏ.சி. குளிர்கிறதா, வெப்ப முள் ஏறுகிறதா என்று கவனியுங்கள். திரும்பி வந்ததும் மெக்கானிக் ஸ்கேனர் போடட்டும். பழைய கோளாறுகளைப் புதிதாக அழித்திருந்தால் ரெடினஸ் சோதனைகள் (வண்டியின் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடியவில்லை என்று அது காட்டிக்கொடுக்கும்.

விலை, அட்வான்ஸ், ரசீது

மெக்கானிக்கிடம் ஒரு தாள் கேளுங்கள்: உடனே செய்ய வேண்டிய வேலைகள், ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவு. "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று கெஞ்சுவதைவிட "க்ளட்ச்சும் இரண்டு டயரும் மாற்ற வேண்டும், இதைக் கழித்துச் சொல்லுங்கள்" என்பது எடுபடும். விற்பவர் மறுத்தாலும் உங்களுக்கு உண்மையான அடக்க விலை தெரிந்துவிடும்.

அட்வான்ஸ் சிறிய தொகையாக இருக்கட்டும். ரசீதில் வண்டி நம்பர், பேசிய விலை, என்.ஓ.சி. எந்தத் தேதிக்குள் தருவார்கள், தராவிட்டால் பணம் திரும்பும் என்ற வரி, எல்லாம் எழுத்தில் வேண்டும். "விபத்து வண்டி இல்லை, வெள்ளத்தில் நின்றதில்லை, மீட்டர் மாற்றவில்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி எழுதித் தருவார். தயங்குகிறவர் தன் தயக்கத்தாலேயே உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டார்.

பணத்தை வங்கி வழியாக, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் கணக்குக்கோ, பில் போடும் கடையின் கணக்குக்கோ மட்டும் அனுப்புங்கள். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பழைய வண்டிக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. வியாபாரியின் லாபத் தொகைக்குத்தான், முழு விலைக்கு இல்லை. முழு விலை மீது 18 சதவீதம் சேர்க்கிறேன் என்றால் கணக்கை விளக்கச் சொல்லுங்கள். தனி ஆளிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது.

வண்டி எடுக்கும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதுங்கள். அன்று காலை வாங்கிய அபராதம் அவருடையது, மாலை முதல் உங்களுடையது. இரண்டாவது சாவியை அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

பெயர் மாற்றம்: தள்ளிப்போடக் கூடாத வேலை

படிவம் 29-ம் 30-ம் விற்பவரின் கையெழுத்தோடு வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். "கையெழுத்துப் போட்ட ஃபாரம் வச்சுக்கோங்க, எப்ப வேணா மாத்திக்கலாம்" என்று கொடுப்பதை வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். விற்றவர் ஊர் மாறுவார், கையெழுத்து மாறும், போன் எடுக்க மாட்டார்.

உங்கள் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் இதே கவனம் மறுபக்கமும் வேண்டும். நவீன் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வண்டி பல கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. கன்சல்டிங்கில் விட்டுவிட்டு வந்த வண்டி யாரையாவது இடித்தால் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதனால் 29சி ஒப்புகையை வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி தானாக வராது. பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஃபாஸ்டேக்கை அவரை வைத்து மூடச் சொல்லிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

அப்புறம் ஒர்க்‌ஷாப்

பில் இல்லாத எந்த வேலையும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு முதல் சர்வீஸைச் செய்யுங்கள். இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்களும், கூலன்ட், பிரேக் ஆயில். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் மாற்றியதற்கு ஆதாரம் இல்லாதபட்சத்தில் மாற்றிவிடுங்கள். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும்.

மெக்கானிக்கிடம் கோளாறைச் சொல்லுங்கள், வைத்தியத்தைச் சொல்லாதீர்கள். "க்ளட்ச் மாத்திடுங்க" என்று நீங்களே சொல்லிவிட்டால் மாற்றிவிடுவார், அதிர்வு அப்படியே இருக்கும். "காலையில் முதல் கியரில் எடுக்கும்போது அதிர்கிறது, சூடான பிறகு இல்லை" என்று சொன்னால் தேடுவார். சத்தம் என்றால் போனில் பதிவு செய்துகொண்டு போங்கள், ஷெட்டுக்கு வந்ததும் வராத சத்தங்கள் நிறைய உண்டு.

எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். ஸ்பேர் எந்த பிராண்டு, விலை, லேபர் தனி. "கூடுதல் வேலை தெரிந்தால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கழற்றிய பாகங்களை டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். விடும்போது கிலோமீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேரில் கம்பெனிப் பெட்டி மட்டும்தான் ஒரிஜினல் என்று நினைக்க வேண்டாம். கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் பெயரிலும் கடைகளுக்கு விற்கின்றன. சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் அப்படிப்பட்டவை. பில்லோடு, நம்பகமான கடையில் வாங்கினால் தரம் குறையாது, விலை குறையும். புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய பாகங்களை ஹெட்லைட், கண்ணாடி, கதவு போன்றவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், சீட் பெல்ட் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேறு மாதிரி கவனம் வேண்டும். ஜாப் கார்டில் ஏ.சி. கிருமிநீக்கம், இன்ஜின் கோட்டிங், டெஃப்லான் என்று வரிகள் சேரும். வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து, இந்தக் கிலோமீட்டருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதில் இல்லாததை எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வெளி ஷெட்டுகளுக்கு ஸ்பேரும் தொழில்நுட்பத் தகவலும் கிடைக்காமல் தடுத்ததாக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது மேல்முறையீட்டுக்குப் போனாலும், எங்கே பழுது பார்ப்பது என்பது வாடிக்கையாளரின் விருப்பம் என்ற பேச்சு அந்த உத்தரவால் பலப்பட்டது.

லேபரில் அளவுக்கு மீறிப் பேரம் பேசாதீர்கள். ஒரு நல்ல கைக்குக் கூலியைக் குறைத்தால், அவர் அதை ஸ்பேரில் எடுக்கத் தள்ளப்படுவார். நியாயமான கூலி கொடுத்துவிட்டு ஸ்பேர் பில்லைக் கேட்பது இருவருக்கும் நல்லது.

பிரச்சினை வந்தால்

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், அதே நாளில் பேசியதை மெசேஜாக அனுப்பிவையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இந்த வழி கடைக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும்தான். தன் சொந்தக் காரை விற்ற தனி ஆள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வியாபாரி ஆக மாட்டார். அவர் ஏமாற்றியிருந்தால் சிவில் நீதிமன்றமோ, சேசிஸ் நம்பர் திருத்தம் போன்ற மோசடி என்றால் காவல் நிலையமோதான் வழி. எங்கே போனாலும் கேட்கப்போவது விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அட்வான்ஸ் ரசீது, டெலிவரி நோட், எஸ்டிமேட், பில், மற்றொரு ஒர்க்‌ஷாப் எழுதிக் கொடுத்த அறிக்கை. வண்டி வாங்கும் நாளிலேயே ஒரு ஃபைலைத் திறந்து எல்லாவற்றையும் அதில் போட்டுவையுங்கள். பிரதிகளை மட்டும் வெளியே கொடுங்கள், மூலத்தை யாரிடமும் விடாதீர்கள்.